மிளகு போய்ச் சேர்ந்த ஊர்

அம்மா ஜெர்மனியின் முனிச்சுக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வெளியே பனி, உள்ளே ஹீட்டர் சூடு, நான் ஆபீஸிலிருந்து வரும்வரை ஜன்னலோரம் ஒரு நாற்காலி. இப்படியே காரைக்குடிக்குத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. வியாழன், வெள்ளி லீவு போட்டு ரோம் போய் வரலாம் என்று கிளம்பினோம். அம்மாவுக்கு 66 வயது, வலது முழங்காலில் வலி உண்டு. ரோம் நடந்து பார்க்கிற ஊர் என்று எல்லோரும் சொல்லியிருந்ததால் எனக்கு உள்ளூரப் பயம். எங்காவது ஒரு படிக்கட்டில் அம்மாவை உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டியிருக்குமோ என்று நினைத்தேன். நடந்தது வேறு. அன்றன்று இரவு அறையில் எழுதிவைத்ததைப் போடுகிறேன்.

பிப்ரவரி 8, 2024, வியாழன்

விமான நிலையத்திலிருந்து தெர்மினி ஸ்டேஷனுக்கு ரயிலில் 32 நிமிடம், ஆளுக்கு 14 யூரோ. காலையில் முனிச்சில் காது மடல் விறைத்தது. இங்கே இறங்கியதும் அம்மா முதல் வேலையாகக் குல்லாவைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். அறை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், எஸ்குயிலினோ என்ற பகுதியில், மூன்றாவது மாடி. லிஃப்ட் பழைய இரும்புக் கூண்டு, கதவை நாமே இழுத்துச் சாத்த வேண்டும். அம்மாவும் ஒரு பெட்டியும்தான் அதில் அடங்கும். நான் படியேறினேன்.

இந்தப் பக்கத்தில் வங்காளதேசத்துக்காரர்களின் கடைகள் நிறைய. வெண்டைக்காய், பாகற்காய், பச்சை மிளகாய் எல்லாம் வாசலில் பெட்டி பெட்டியாக இருந்ததைப் பார்த்ததும் அம்மாவின் நடையே மாறிவிட்டது. ஒரு கடைக்காரர் ஹிந்தியில் ஏதோ கேட்டார், அம்மா தமிழில் பதில் சொன்னார். ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரிந்திருக்காது, ஆனாலும் ஐந்து நிமிடம் பேச்சு நிற்கவில்லை. 50 சென்டுக்குப் பச்சை மிளகாய் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். சமைக்க அறையில் அடுப்பே இல்லை. எதற்கு என்று கேட்கவில்லை.

சாயங்காலம் சப்ளி சாப்பிடும்போது தெரிந்தது. சப்ளி என்பது தக்காளி போட்டு வேகவைத்த அரிசியை உருட்டி, நடுவில் பாலாடைக்கட்டி வைத்து, ரொட்டித்தூளில் புரட்டி எண்ணெயில் பொரிப்பது. ஒன்று இரண்டரை யூரோ. பிய்த்தால் கட்டி நூல் நூலாக இழுபடும். அம்மா ஒரு வாய் கடித்து, "நல்லாத்தான் இருக்கு, உறைப்பு மட்டும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு மிளகாயை எடுத்துக் கடித்துக்கொண்டார். நானும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இருட்டுவதற்கு முன் சாந்தா மரியா மஜ்ஜோரே தேவாலயத்துக்குப் போனோம், அறையிலிருந்து பத்து நிமிட நடை. தூண் வரிசைக்கு மேலே ஐந்தாம் நூற்றாண்டுக் கல்பதிப்புச் சித்திரங்கள் இருக்கின்றன. கீழிருந்து பார்த்தால் சின்னச் சின்னதாகத்தான் தெரியும். அம்மா மேலே பார்க்கவே இல்லை. தரையில் வண்ணக் கற்களை வட்டம் வட்டமாக இழைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு, கோடு பிசகாமல் ஒவ்வொரு வட்டமாக நடந்தார்.

திரும்பும் வழியில் தண்ணீர்க் குழாய் ஒன்று. இடுப்புயரத்துக்கு ஒரு வார்ப்பிரும்புத் தூண், அதில் மூக்கு மாதிரி வளைந்த குழாய், தண்ணீர் ஓயாமல் கொட்டுகிறது. இங்கே இதை நாசோனே, பெரிய மூக்கு என்றுதான் சொல்கிறார்கள். 1874-இல் வைக்க ஆரம்பித்தது, இன்றைக்கு ஊர் முழுக்க ஏறக்குறைய 2,500 இருக்கின்றன. குனிந்து குடிக்க அம்மாவுக்கு முழங்கால் இடம் கொடுக்கவில்லை. நாய் கூட்டிவந்த ஒரு பெரியவர் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வந்து குழாயின் வாயை விரலால் அடைத்தார். மேலே ஒரு சின்னத் துளை இருக்கிறது போலும், அதன் வழியாகத் தண்ணீர் வில்லாக வளைந்து மேலெழுந்தது. அம்மா லேசாகக் குனிந்தே குடித்துவிட்டார். அந்த மனிதர் கையை உதறிக்கொண்டு நாயோடு போய்விட்டார். தண்ணீர் சில்லென்று, எந்த மருந்து வாசனையும் இல்லாமல் இருந்தது.

பிப்ரவரி 9, வெள்ளி

விடிந்ததிலிருந்து மழை. காபிக்கு முதலில் கல்லாவில் காசு கட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு, அதைக் கவுண்டரில் வைத்துவிட்டு நின்றபடியே குடிக்க வேண்டும். துளிப் பால் விட்ட காபி 1.30 யூரோ. அதே காபியை மேஜையில் உட்கார்ந்து குடித்தால் மூன்று மடங்கு வரை ஆகும். "நின்னே குடிப்போம், ஊர்ல பாய்லர் கடையில நிக்கிறதில்லையா" என்றார் அம்மா. டபரா இல்லை என்ற ஒரே குறைதான்.

பஸ்ஸில் லார்கோ அர்ஜென்டினா வரை போய், அங்கிருந்து பாந்தியன். மழை நாளில் வந்தது எங்கள் அதிர்ஷ்டம். ரோமப் பேரரசர் ஹாட்ரியன் காலத்தில், கி.பி. 125 வாக்கில் கட்டி முடித்த கோயில் இது. 609-இல் தேவாலயமாக்கினார்கள், அதனால்தான் இடிபடாமல் நிற்கிறது. நாங்கள் போனபோது 5 யூரோ டிக்கெட். கும்மட்டத்தின் குறுக்களவும் தரையிலிருந்து அதன் உயரமும் ஒரே அளவு, 43.3 மீட்டர். கம்பி கட்டாத கான்கிரீட் கும்மட்டங்களில் இன்றுவரை இதுதான் உலகத்திலேயே பெரியது. உச்சியில் 9 மீட்டர் அளவுக்கு வட்டமாகத் திறப்பு, கண்ணாடி கிடையாது. அதன் வழியே மழை நேராகக் கூடத்துக்குள் விழுகிறது. சாரல் என்று சொல்ல முடியாது, ஒரு வெள்ளித் தூண் மாதிரி நின்று விழுகிறது. நடுவில் கயிறு கட்டியிருக்கிறார்கள், சுற்றிலும் நூறு பேர் சத்தமில்லாமல் நின்று மழையைப் பார்க்கிறோம்.

அம்மா என் கையைப் பிடித்தார். "நம்ம ஐயா வீட்டு வளவு மாதிரியே இருக்கு பாப்பா." செட்டிநாட்டு வீடுகளில் நடு முற்றம் திறந்திருக்கும், மழை வீட்டுக்குள்ளேதான் பெய்யும். மழைக்காலத்தில் அம்மாவின் அம்மா அண்டாக்களை வரிசையாக அங்கே வைப்பார்களாம். "தண்ணி எப்படிப் போகுது, கேளு" என்றார். கேட்க வேண்டியிருக்கவில்லை. தரை நடுவில் லேசாக மேடு தட்டியிருக்கிறது, பளிங்கில் 22 சின்னத் துளைகள் போட்டிருக்கிறார்கள். அம்மா குனிந்து ஒரு துளையைக் கண்டுபிடித்து, தண்ணீர் சுழித்து இறங்குவதை நெடுநேரம் பார்த்தார். ஓவியர் ரஃபேலின் சமாதி இங்கேதான் இருக்கிறது என்று நான் சொன்னது காதில் விழவில்லை. முக்கால் மணி நேரம் அங்கேயே இருந்தோம்.

வெளியே வந்ததும் சோதனை. தெருவெல்லாம் கறுப்புப் பாறையில் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிப் பதித்த கற்கள், மழையில் எண்ணெய் தடவியது போல வழுக்குகின்றன. ஒரு கல் இடுக்கில் சிக்கி அம்மாவின் வலது ஷூ அடிப்பாகம் பாதி பிளந்துகொண்டது. நல்லவேளை, விழவில்லை. மழையில் அம்மா ஒற்றைக் காலை இழுத்து இழுத்து நடப்பதைப் பார்க்க எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு சந்து தாண்டி ஒரு செருப்புத் தைக்கிற கடை, ஆள் அகலம்தான் இருக்கும். உள்ளே எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர். ஷூவை வாங்கினார், கத்தியால் பழைய பசையைச் சுரண்டினார், புதுப்பசை தடவி, உடனே ஒட்டாமல் கடிகாரத்தைக் காட்டினார். பத்து நிமிடம் காய வேண்டும். தன் ஸ்டூலை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டார். அம்மாவின் ஈரக் காலுறையைப் பார்த்துவிட்டு, கீழே வைத்திருந்த சின்ன ஹீட்டரைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டார். அப்புறம் ஒட்டி, சுத்தியலால் தட்டி, விளிம்பில் நாலு தையல் போட்டார். எவ்வளவு என்று கேட்டதற்குக் கையை வேண்டாம் என்று ஆட்டினார். நான் 10 யூரோ நீட்டியும் வாங்கவில்லை.

அம்மா கைப்பையைத் திறந்து, வழிக்கு வைத்திருந்த தேன்குழல் பொட்டலத்தை எடுத்து அவர் மேஜையில் வைத்தார். அவர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அது எந்த வழியாகச் சுற்றியிருக்கிறது என்று தெரிந்துகொள்கிற மாதிரி. கடித்தார். தலையை மேலும் கீழும் ஆட்டிவிட்டுப் பொட்டலத்தை மடித்து இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார்.

மதியச் சாப்பாடு பழைய யூதர் தெருவில். வெள்ளிக்கிழமை அம்மா கவுச்சி சேர்க்கமாட்டார், அதனால் அங்கே போனதே கூனைப்பூவுக்காக. ஆர்டிசோக் என்றால் பலருக்குத் தெரியும். முழுப் பூவை அப்படியே இரண்டு முறை எண்ணெயில் பொரிக்கிறார்கள், இதழெல்லாம் விரிந்து சூரியகாந்தி மாதிரி வருகிறது. ஓர இதழ் அப்பளம் போல நொறுங்குகிறது, நடுத்தண்டு சேப்பங்கிழங்கு மாதிரி மெத்தென்று இருக்கிறது. ஒன்று 7 யூரோ, இரண்டு பேரும் தனித்தனியாக வாங்கினோம். 1555-இல் போப் நான்காம் பவுல் யூதர்களை இந்தச் சில தெருக்களுக்குள் அடைத்துச் சுவர் எழுப்பினார், 1870 வரை அந்த நிலை. கிடைத்ததை எண்ணெயில் பொரித்துச் சாப்பிட்ட ஏழைச் சமையல்தான் இன்று ஊருக்கே பெருமை. சாப்பிட்டுவிட்டு நடந்தால் வாசல்களில் பித்தளைக் கற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், பிறந்த வருஷம், 1943 அக்டோபர் 16, ஆஷ்விட்ஸ். அன்று ஒரே காலையில் நாஜிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அந்த வதைமுகாமுக்கு. ஒரு வாசலில் வரிசையாகப் பல கற்கள், ஒரே குடும்பப் பெயர். அம்மா பிறந்த வருஷங்களை மட்டும் வாசிக்கச் சொன்னார். ஒரு குழந்தையின் வருஷம் வந்ததும் போதும் என்றார்.

மதியம் பல தேவாலயங்களைப் பூட்டிவிடுகிறார்கள், நாலு மணிக்குத்தான் திறக்கிறார்கள். சான்ட் அகொஸ்தினோ வாசலில் காத்திருந்து உள்ளே போனோம். வாசலுக்குப் பக்கத்திலேயே குழந்தையை மடியில் வைத்த மாதா சிலை, 1521-இல் சான்சொவீனோ என்ற சிற்பி செய்தது. சுற்றிலும் ரோஸ், நீல ரிப்பன்களும் கைக்குழந்தைகளின் போட்டோக்களும். பிள்ளை வேண்டியும் சுகப்பிரசவம் வேண்டியும் இன்றும் வருகிறார்கள். நான் விளக்க ஆரம்பிக்கும் முன்பே அம்மா சொல்லிவிட்டார்: "தொட்டில் கட்டுற இடம்."

இடப்பக்கம் முதல் சன்னதியில் ஓவியர் கரவாஜ்ஜோ 1604-06 வாக்கில் வரைந்த படம். இருட்டாக இருக்கிறது. பக்கத்தில் ஒரு பெட்டி, காசு போட்டால் சில நிமிடம் விளக்கு எரியும். போட்டேன். வாசல் நிலையில் சாய்ந்தபடி மாதா குழந்தையோடு நிற்கிறார். எதிரே ஓர் ஆணும் ஒரு கிழவியும் மண்டியிட்டுக் கைகூப்புகிறார்கள், வெகுதூரம் நடந்து வந்தவர்கள். அந்த ஆணின் உள்ளங்கால்கள் நம் முகத்துக்கு நேரே. அழுக்கேறி, புழுதி அப்பிய வெறுங்கால்கள். கிழவியின் தலைத்துணி கந்தல். படம் வைத்த காலத்தில் அதைப் பார்த்து ஜனங்கள் பெரிய கூச்சல் போட்டதாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

விளக்கு அணைந்தது. அம்மா தன் பர்ஸிலிருந்து ஒரு யூரோ எடுத்துப் போட்டார். மறுபடி அந்தக் கால்களையே பார்த்தார். காரைக்குடியிலிருந்து பழநிக்கு நாலு தைப்பூசம் நடந்தவர் அம்மா, நான் பிறப்பதற்கு முன். "குதிகால்ல வெடிப்பு இன்னும் ஆழமா இருக்கும்," என்றார், "ஆனா கட்டை விரல் சரியா போட்டிருக்கார். நடந்து நடந்து இப்படித்தான் பிரியும்." பின்னால் நின்ற ஒரு பையன் விளக்கு அணையுமுன்னே அடுத்த காசைப் போட்டான். நாங்கள் அங்கிருந்து நகரும்வரை யாராவது ஒருவர் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அங்கிருந்து இரண்டு நிமிடத்தில் சான் லூயிஜி தேவாலயம். அங்கேயும் கரவாஜ்ஜோ, இயேசுவின் சீடர் மத்தேயுவைப் பற்றிய மூன்று படங்கள். கூட்டம் முட்டியது. அம்மாவுக்கு அன்றைக்கு இன்னொரு படம் வேண்டியிருக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

பிப்ரவரி 10, சனி

கொலோசியத்தில் ஒரு தகராறு. இப்போது டிக்கெட்டில் பெயர் இருக்க வேண்டும், பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போக வேண்டும். அம்மாவின் பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர், குடும்பப் பெயர்க் கட்டம் காலி. டிக்கெட் வாங்கும்போது கட்டத்தைக் காலியாக விட முடியாமல் தாத்தாவின் பெயரைப் போட்டிருந்தேன். வாசலில் நின்ற பெண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இது அம்மாவுடைய அப்பா பெயர் என்று சொன்னேன். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். பின்னால் வரிசை நீண்டது, எனக்கு வேர்த்துவிட்டது. அம்மா ஒரு விரலைத் தன் நெஞ்சில் வைத்துத் தன் பெயரைச் சொன்னார், விரலை மேலே காட்டித் தாத்தா பெயரைச் சொன்னார். அந்தப் பெண் "பப்பா?" என்றார். அம்மா தலையாட்டினார். உள்ளே விட்டுவிட்டார்கள். இதைப் படிக்கிற தமிழர்கள் டிக்கெட் வாங்குமுன் ஒரு முறை யோசித்துக்கொள்ளுங்கள்.

கொலோசியம் பெரியது, கி.பி. 80-இல் திறந்தது, எல்லோரும் எழுதியாகிவிட்டது. அங்கே மிருகங்களையும் மனிதர்களையும் கொன்றதைச் சொன்னதும் அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அரை மணி நேரத்தில் வெளியே வந்தோம்.

எனக்கு ஆசையாக இருந்தது பக்கத்து ஃபோரம்தான், பழைய ரோமின் நடுச் சதுக்கம். அதில் பேரரசர் மாக்சென்டியஸ் கட்டிய மண்டபம், மூன்று ராட்சத வளைவுகள் மட்டும் மிச்சம். அந்த மண்டபத்துக்கு அடியில்தான் அதற்கு இருநூறு வருஷம் முந்திய மிளகுக் கிடங்குகள் இருந்தன, பேரரசர் டொமிஷியன் கட்டியவை. கிடங்குக்கே மிளகின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். நம் மேற்குக் கரையில் முசிறியில் ஏற்றிய மிளகு கடலிலும் பாலைவனத்திலும் நைல் ஆற்றிலும் வந்து இந்த இடத்தில் குவிந்தது. யவனர் கப்பல் பொன்னோடு வந்து கறியோடு திரும்பியதாகச் சங்கப் பாட்டில் வரும், கறி என்றால் மிளகு. அந்தக் கறி வந்து இறங்கிய வாசல் இது. ரோமானிய எழுத்தாளர் பிளினி, வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போகிறதே என்று வயிறெரிந்து எழுதினார். அந்தக் காசுகளில் சில கரூரிலும் கோவைப் பக்கமும் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கின்றன. 408-இல் கோத் இனத் தலைவன் அலரிக் இந்த ஊரை முற்றுகையிட்டு, விலகிப் போகக் கேட்ட பொருள்களில் பொன்னோடு 3,000 ராத்தல் மிளகும் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் பரீட்சைக்குப் படித்தேன். அந்தச் செங்கல் சுவருக்கு முன்னால் நின்றபோது மயிர்க்கூச்செறிந்தது. அம்மாவுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் ஒரு கல்லில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டே கேட்டார். "அப்ப மலைச்சரக்கு. காய வச்சது, மூட்டை கட்டினது யாரோ ஒரு பொம்பளையாத்தான் இருக்கும். அது எங்க போகுதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்காது."

ராத்திரிச் சாப்பாடு மோன்டி பகுதியில் ஒரு சின்னக் கடையில், காச்சோ எ பேப்பே. பாலாடைக்கட்டியும் மிளகும் என்று அர்த்தம். பாஸ்தா வெந்த தண்ணீர், செம்மறியாட்டுப் பால் கட்டித் துருவல், மிளகு. வெண்ணெய் கிடையாது, க்ரீம் கிடையாது. 12 யூரோ, ரொட்டிக்கென்று ஆளுக்கு 2 யூரோ தனி. தட்டு வந்ததும் அம்மா சாப்பிடாமல் முகர்ந்தார். "வறுத்து இடிச்சிருக்காங்க. பச்சையாப் போடல." பரிமாறிய அம்மாளிடம் கேட்டேன். ஆமாம், வாணலியில் வெறுமனே வறுத்து, கல்லில் நசுக்குவோம் என்று சொல்லி, உள்ளே போய்க் கல்லையே எடுத்துவந்து காட்டினார். கையகலக் கல் உரல், அதன் குழியில் மிளகு ஒன்றிரண்டாக உடைந்து கிடந்தது. அம்மா ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். "வறுபட்டது பதம்" என்றார் என்னிடம். நான் மொழிபெயர்த்ததும் அந்த அம்மாள் அம்மாவின் தோளில் கை வைத்தார். தட்டில் ஒரு இழை மிச்சமில்லை.

அப்புறம் திரேவி நீரூற்று, கூட்டத்தில் பத்து நிமிடம்தான். ஆனால் அந்தத் தண்ணீர் வரும் வழி கி.மு. 19-இல் அக்ரிப்பா வெட்டிய கால்வாய். பாந்தியன் நெற்றியில் பெயர் பொறித்திருக்கிறதே, அதே அக்ரிப்பா.

பிப்ரவரி 11, ஞாயிறு

சாயங்காலம் விமானம். காலையில் புனித பேதுரு பேராலயத்துக்குப் போனால் உள்ளே விடவில்லை. சதுக்கம் முழுக்க வெளிர்நீலமும் வெள்ளையுமாக அர்ஜென்டினாக் கொடிகள். உள்ளே போப் பிரான்சிஸ் ஒரு பெண்மணிக்குப் புனிதர் பட்டம் கொடுக்கிறார், பூசை நடக்கிறது. முன்கூட்டிப் பார்க்காதது என் தவறு. இறந்த இயேசுவை மாதா மடியில் தாங்கியிருக்கும் மிக்கேலாஞ்சலோவின் சிலை, பியேத்தாவை அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன், மிகவும் வருத்தமாகிவிட்டது.

பக்கத்தில் நின்ற அர்ஜென்டினாக்கார அம்மாள் ஆங்கிலத்தில் சொன்னார்: மாமா அந்துலா என்று எங்கள் ஊரில் கூப்பிடுவோம் (மாமா என்றால் அங்கே அம்மா), பதினெட்டாம் நூற்றாண்டு, இயேசு சபைச் சாமியார்களை நாட்டைவிட்டு விரட்டியபின் அவர்கள் செய்த தியான வகுப்புகளை இந்தப் பெண் ஊர் ஊராக நடந்துபோய் நடத்தினார், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர், வெறுங்காலோடு. நான் தமிழில் சொன்னதும் அம்மா திடுக்கிட்டு, "செருப்பில்லாமலா?" என்று தன் காலைக் காட்டினார். அந்த அர்ஜென்டினா அம்மாளுக்கு மொழி வேண்டியிருக்கவில்லை. "சீ, சீ", அதாவது ஆமாம், ஆமாம் என்று தலையாட்டிவிட்டுத் தன் பையிலிருந்து அந்தப் புனிதரின் சின்னப் படம் ஒன்றை எடுத்து அம்மா கையில் வைத்தார். அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பர்ஸில் பழநி விபூதிப் பொட்டலம் இருக்கிற அறையில் சேர்த்தார்.

பன்னிரண்டு மணிக்கு மேலே ஜன்னலில் போப் வந்தார். இங்கிருந்து பார்த்தால் வெள்ளையாக ஒரு புள்ளி. குரல் மட்டும் பக்கத்தில் நின்று பேசுவது போல. முடிக்கும்போது, எனக்காக வேண்டிக்கொள்ள மறக்காதீர்கள், மதியம் நன்றாகச் சாப்பிடுங்கள், போய் வாருங்கள் என்றார். போப் பிரான்சிஸ் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படித்தான் முடித்தார். அர்த்தம் சொன்னதும் அம்மா, "சாப்பாட்டையா சொன்னார்?" என்று இரண்டு முறை கேட்டார். அப்புறம், "பெரியவங்கன்னா அப்படித்தான் சொல்லணும்" என்றார். பேராலயம் திறக்கக் காத்திருந்தால் விமானத்தை விட்டுவிடுவோம். கிளம்பினோம்.

கார்னிவல் வாரம். சின்னப் பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு காகிதத் துண்டுகளை அள்ளி வீசிக்கொண்டிருந்தார்கள். கடைகளில் இந்த நாட்களுக்கென்று பொரிக்கிற ஃபிராப்பே, மாவை நாடாவாக வெட்டி எண்ணெயில் போட்டு மேலே சர்க்கரை தூவியது. நம்மூர் கலகலாவேதான், இன்னும் மெல்லிசு. 3 யூரோவுக்கு ஒரு பை வாங்கித் தின்றுகொண்டே ஸ்டேஷன் பக்கம் வந்தோம்.

அறைக்குப் பக்கத்துக் குழாயில் அம்மா பாட்டிலை நிரப்பினார். கிளம்பலாம் என்று பெட்டியை இழுத்தேன். சிங்க வேஷத்தில் ஒரு பிள்ளை, நாலு வயது இருக்கும், ஓடிவந்து குழாய்க்கு அடியில் தலையை நீட்டியது. பிடரி மயிர்தான் நனைந்தது, தண்ணீர் வாய்க்கு வரவில்லை. அதன் தாய் பின்னாலிருந்து ஏதோ சத்தம் போட்டுக்கொண்டே வந்தாள். அம்மா கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, குழாயின் வாயை விரலால் அடைத்தார். தண்ணீர் மேலே எழுந்து வளைந்தது. சிங்கம் குடித்தது.